பட்டியலில் இல்லாத கல்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆறு மாதமாக மரத்தில் பேனா கடைந்து பழகுகிறேன். மேசை லேத், மாண்ட்ரல் (மரத்துண்டைக் கோத்துச் சுழற்றும் கம்பி), புஷ் (கனத்துக்கு அளவு காட்டும் வளையம்), பேனா கிட் (குழாய், முனை முதலிய பாகங்கள்), ஒன்பது வகை மெருகுத்தாள், மூன்று வகைப் பசை, மெழுகு என ஏறத்தாழ எல்லாமே வாங்கிவிட்டேன். அப்பாருவின் (தாத்தாவின்) மாட்டுவண்டிச் சக்கரத்து ஆரக்கால்களை அறுத்துத்தான் செய்கிறேன். பதினோரு பேனா முடித்தும் ஒன்றும் திருப்தியாக இல்லை. மெருகு போட்ட பிறகு வளையம் வளையமாகக் கீறல் தெரிகிறது. பளபளப்புக்கு அடியில் மரம் பிசிறடித்ததுபோல் இருக்கிறது. மேல்பூச்சுக்குச் சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) நல்லதா, அரக்கு நல்லதா? லேத் சுற்றும்போதே பனியன் வேஸ்ட்டால் மெருகு போடுவது சரியா? என்ன விலைக்கு விற்கலாம்? எபொனைட்டில் (கெட்டி ரப்பரில்) எப்போது முயலலாம்? அப்பா இதை வெட்டி வேலை என்கிறார்.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில், கோவை ஆவாரம்பாளையத்து மாமாவின் தகரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் காலமாகி ஓராண்டாகிறது. “பேரீச்சம்பழத்துக்குப் போடறதுக்கு நீயே வெச்சுக்க கண்ணு” என்று அத்தை கொடுத்தனுப்பிய பெட்டி. அது என் மடியில் இல்லாதிருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

முதலில் பனியன் வேஸ்ட். நம் பக்கத்துப் பட்டறைகளில் அது மூட்டையாகக் கிடக்கும் என்பதும், உங்கள் ஊரில் குப்பையைவிட மலிவு என்பதும் எனக்குத் தெரியும். அது நின்றுபோன இயந்திரத்தைத் துடைப்பதற்கான துணி. சுற்றும் மரத்தில் அதன் ஒரு நூல் சிக்கினாலும் துணி சுற்றிக்கொள்ளும், துணியைப் பிடித்திருக்கும் விரலும் கூடவே போகும். டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கினால் அது கிழியும், விரல் பிழைக்கும். மாமாவின் இடக்கை ஆட்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. படித்துக் கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வளையக் கீறல் எளிய விஷயம். லேத் ஓடும்போதே உப்புத்தாள், அதாவது உங்கள் மெருகுத்தாள், பிடித்தால் கீறல் குறுக்கேதான் விழும். ஒவ்வொரு நம்பர் தாளுக்கும் இறுதியில் லேத்தை நிறுத்தி, மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள். 150-லிருந்து 400-க்குத் தாவாதீர்கள். பசையா அரக்கா என்றால், பசைப்பூச்சு கெட்டியாக நிற்கும், ஆனால் மரத்தின் மேல் கண்ணாடி மூடியது போலிருக்கும். முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் அதன் பக்கம் போகக் கூடாது. அரக்கு கைக்கு இதமாக இருக்கும், ஆனால் ஸ்பிரிட்டில் கரையும் பொருள் என்பதால், சானிடைசர் தடவிய கை நாலு முறை பட்டாலே மங்கிவிடும். இரண்டில் எதுவாயினும் உங்கள் நோய்க்கு அது மருந்தல்ல. எபொனைட் எங்கும் ஓடிப்போய்விடாது. ராஜமுந்திரியில் 1930களிலிருந்து அதில் பேனா கடைந்துகொண்டிருக்கிறார்கள். விலையைப் பற்றி, ஒரு பேனாவும் திருப்தியில்லை என்று எழுதிய அதே கை கேட்கலாமா? முதல் இருபத்தைந்தைச் சும்மா கொடுங்கள். ரீஃபில் தீர்ந்து யாராவது தேடி வந்தால் அப்போது பேசலாம். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் எழுதுவதைப் பற்றி என் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

இனி அந்தப் பிசிறு. நீங்கள் வாங்கிய சாமான்களின் பட்டியலை மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஒன்பது வகை மெருகுத்தாள் இருக்கிறது. சாணைக்கல் இல்லை. ஆறு மாதம், பதினோரு பேனா, அதுவும் வண்டி ஆரக்காலில். உளியை ஒருமுறைகூடத் தீட்டவில்லை என்றுதானே இதற்குப் பொருள்?

1986 மே விடுமுறையில் மாமா என்னைத் தான் வேலை பார்த்த பம்ப்செட் பட்டறைக்கு அழைத்துப்போனார். லேத்தைத் தொட்டுவிடலாம் என்று போனவனின் கையில் ஒரு பழைய டூல் பிட்டைக் (லேத்தில் இரும்பைச் சீவும் வெட்டுமுனையை) கொடுத்து, சாணையின் முன்னால் நிறுத்திவிட்டார். அந்த மாதம் முழுவதும் அதுதான் வேலை. தீட்டிக்கொண்டுபோய்க் காட்டினால் அதைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைப்பார். நகத்தில் கடித்து நின்றால் கூர் வந்திருக்கிறது, வழுக்கினால் வரவில்லை. இருபது நாளும் எனக்கு வழுக்கியது. நாலு லேத் தள்ளி ஓடும் சத்தத்தைக் கேட்டே, திரும்பிப் பார்க்காமல், “அந்த டூலைக் கழட்டச் சொல்லு, அழுவுது பாரு” என்பார். இருபத்தோராம் நாளோ என்னவோ, நகத்தில் நின்றது. பாராட்டவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், வழக்கமாகப் பாதி டீதான்.

அது இரும்பு வேலை, இது மரமல்லவா என்று கேட்பீர்கள். மரத்துக்குத்தான் கூர் இன்னும் அதிகம் வேண்டும். கூரான உளி நாரை வெட்டுகிறது. மொண்ணை உளி நாரைப் பிடித்திழுத்துப் பிய்க்கிறது, அந்தப் பிய்ப்பு கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்புக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அதை 150-ஆம் நம்பர் தாளால் அடிவரை தேய்த்தெடுக்கப் பொறுமையின்றி, மேலே ஒன்பது வகைத் தாளால் மினுக்கிப் பசையை ஊற்றினால், பிசிறைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதாக ஆகிவிடும். அது மட்டுமா? பேனாவுக்குள் இருக்கும் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயின் மேல், கடைந்து முடிக்கும்போது முனைகளில் நிற்கும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மொண்ணை உளியை அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். அழுத்தினால் சூடேறும், அவ்வளவு மெல்லிய மரம் முனையில் பெயர்ந்துகொண்டு வரும். உளியிலிருந்து சுருள் வருகிறதா, தூள் வருகிறதா என்று பாருங்கள். தூள் வந்தால் உங்கள் உளி உப்புத்தாளின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆரக்காலைத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் உங்கள் தோளில் தட்டத் தோன்றுகிறது. நம் பக்கத்து வண்டிச் சக்கரங்களுக்கு நாட்டுக் கருவேலம் பேர்போனது. உங்களிடம் இருப்பதும் அதுவானால், அப்பாருவின் காலத்திலேயே காய்ந்து இறுகிய மரம், இணையத்தில் வாங்கும் எந்த வெளிநாட்டுத் துண்டுக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஐம்பது வருடம் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில்) உருண்ட கட்டை அது. வெடிப்புகளில் மணல் ஏறியிருக்கும், ஆணித்துண்டு இருந்தாலும் வியப்பில்லை. நன்றாகத் துலக்கி, காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு அறுங்கள். அப்படிச் செய்தும் சில நிமிடங்களில் கூர் போய்விடும். அதனால் கட்டையை உருளையாக்கி முடித்ததும் ஒருமுறை, கடைசி மெல்லிய சீவலுக்கு முன் இன்னொருமுறை, பேனா ஒன்றுக்கு இருமுறையாவது தீட்டுங்கள். உளியின் சரிவில் மார்க்கர் மையைப் பூசி, சாணையில் லேசாக ஒரு தொடு தொட்டு எடுங்கள். விளிம்புவரை மை சீராக அழிந்திருந்தால் கோணம் சரி. விளிம்புக்கு எதிர்ப்புறமான குதிப்பக்கம் மட்டும் அழிந்தால் கைப்பிடியைச் சற்று உயர்த்துங்கள். சாதாரண கார்பன் எஃகு உளியானால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போயிற்று, அந்த நீலத்தைச் சாணையில் கரைத்துத் தள்ளும்வரை கூர் நிற்காது.

மாமாவின் பெட்டியில் ஒரு தீட்டுக்கல் இருக்கிறது. ஒருபுறம் கரடு, மறுபுறம் நைசு. நைசான புறம் நடுவில் கிண்ணம்போல் தேய்ந்து, எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. உங்களுக்கு அனுப்பிவைக்கலாம் என்று காகிதத்தில் சுற்றிக்கூட விட்டேன், பிறகு பிரித்துவிட்டேன். குழிந்த கல்லில் நேர்முனை உளியைத் தீட்ட முடியாது என்பது காரணம் என்று எழுதலாம். மனம் வரவில்லை என்பதே காரணம். ஹார்டுவேர் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது பேனாவின் படம் வேண்டாம், அதைக் கடைந்தபோது விழுந்த சுருளில் ஒரு பிடி தபாலில் அனுப்புங்கள்.