அச்சு இயந்திரம் வந்ததால்தான் ஐரோப்பாவில் மானுடவாதச் சிந்தனை, அதாவது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மீட்டுப் படித்து அவற்றிலிருந்து கற்கும் போக்கு, பிறந்ததா?

இல்லை, வரிசை நேர்மாறானது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை வெரோனாவில் 1345-லேயே கண்டெடுத்துவிட்டார். ஐரோப்பாவில் அச்செழுத்துகளைக் கோத்து அச்சிட்ட முதல் பெரிய நூலான குட்டன்பர்க் பைபிள் அச்சானது 1455 வாக்கில்தான். அதாவது, பழைய லத்தீன் நூல்களைத் தேடிப் படியெடுக்கும் ஆர்வம் நூறாண்டு மூத்தது.

சரி, அப்படியானால் அச்சு என்ன செய்தது? வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் செய்ததைப் பாருங்கள். கிரேக்கம் கற்பித்த ஆசிரியர் அவர்; அச்சகம் தொடங்கி, 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலை கிரேக்க மூலத்திலேயே ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது 1501-இல் வந்த, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைப் பதிப்பு. தாளை மூன்று முறை மடித்த சின்ன அளவு, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து, பக்கத்தை அடைக்கும் உரைகள் எதுவும் இல்லை. மேசையில் கிடந்த கவிதை கைக்கு வந்துவிட்டது.

உடனே லியோன் நகரத்து அச்சகங்கள் திருட்டுப் பதிப்பு போட்டன. ஆல்டஸ் கோபத்தில் 1503-இல் அவற்றின் பிழைகளைப் பட்டியலிட்டு எச்சரிக்கை வெளியிட்டார். அவர்களோ அந்தப் பட்டியலை வைத்தே பிழைகளைத் திருத்திக்கொண்டார்களாம்!

அப்புறம் டச்சு மானுடவாத அறிஞர் எராஸ்மஸ். 1508-இல் அதே அச்சகத்தில் இருந்துகொண்டே எழுதித் தன் பழமொழித் தொகுப்பை மூவாயிரத்துக்கு மேல் விரித்தார்.