இளம் விண்மீன்கள் ஏன் வாயு இழைகளில் வரிசையாகப் பிறக்கின்றன?

விண்வெளி மேகம் முழுக்க வாயு பரவிக் கிடக்கும்போது, விண்மீன்கள் மட்டும் ஏன் மெல்லிய இழைகளில் மணி கோத்தது போலப் பிறக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெர்ஷல் தொலைநோக்கியின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கும் இதே கேள்விதான் வந்தது.

விண்மீன் பிறக்கும் வாயு கடுங்குளிரானது, ஏறக்குறைய மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். சாதாரண ஒளியில் அது கருந்திட்டாகத்தான் தெரியும். 2009-இல் ஏவப்பட்ட ஹெர்ஷல், அந்த வாயுவோடு கலந்திருக்கும் தூசியின் மங்கலான அகச்சிவப்பு ஒளியைப் படம் பிடித்தது. பார்த்த மேகங்களிலெல்லாம் இழைகள்! வாயு ஓட்டங்கள் ஒலியை மிஞ்சும் வேகத்தில் மோதி அழுந்தும் இடங்களில் இவை உருவாகின்றன. காந்தப்புலத்துக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் இழை இருந்தால் மட்டும் போதாது. துருவ விண்மீனின் திசையில் போலாரிஸ் ஃபிளேர் என்றொரு மேகம் இருக்கிறது. அதில் இழைகள் ஏராளம், விண்மீன் பிறந்த சுவடே இல்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமான சான்றாகப் படுகிறது. இழை முதலில் வருகிறது, விண்மீன் அப்புறம்தான்.

சரி, எந்த இழையில் பிறக்கும்? நீளத்துக்கு எவ்வளவு நிறை என்பதில் இருக்கிறது விடை. அந்தக் குளிரில், 3.26 ஒளியாண்டு நீளத்துக்குச் சுமார் 16 சூரியன்களின் நிறை என்பது எல்லை. அதற்குக் கீழே இருந்தால் வாயுவின் அழுத்தமே ஈர்ப்பைத் தாங்கிக்கொள்ளும். மேலே போனால் தாங்காது. இழை தன் எடையிலேயே ஒடுங்கி, கொஞ்சம் அடர்த்தி கூடிய இடங்கள் பக்கத்து வாயுவையும் இழுத்துக்கொண்டு தனித்தனி முடிச்சுகளாகின்றன. நீங்கள் பார்த்த மணிகள் இவைதான்.

இதற்குள் இழையும் சும்மா இருப்பதில்லை. சுமார் 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள டாரஸ் மேகத்தில், முக்கிய இழைக்குக் குறுக்கே மெல்லிய கீற்றுகள் வந்து சேர்கின்றன. அவற்றின் வழியே புது வாயு வந்துகொண்டே இருக்கிறது என்று கருதுகிறார்கள்.

முடிச்சு சுருங்கச் சுருங்க அதன் சுழற்சி வேகமெடுக்கும், நடுவில் குழவி விண்மீனும் சுற்றிலும் வாயுவும் தூசியும் சுழலும் தட்டும் உருவாகும். அதே டாரஸ் மேகத்திலுள்ள எச்.எல். டௌரி விண்மீனின் தட்டை 2014-இல் ஆல்மா தொலைநோக்கி படமெடுத்தது. அதன் வயது 10 லட்சம் ஆண்டுகளைத் தாண்டாது என்கிறார்கள். அதற்குள் தட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள் விழுந்திருக்கின்றன; அங்கே கோள்கள் உருவாகிக்கொண்டிருக்கலாம்.