பவர் சப்ளை டெஸ்டிங் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் டிப்ளமோ இ.சி.இ. முடித்துவிட்டாள், சேதராப்பட்டில் மெஷின் தயாரிக்கும் கம்பெனி ஒன்று டெஸ்டிங் பிரிவுக்கு அப்ரண்டிஸாகக் கூப்பிட்டிருக்கிறது, 'கரண்டோடு விளையாடும் வேலை வேண்டாம், கடன் வாங்கியாவது சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடு' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இதுதானே உங்கள் கவலை? அனுப்புங்கள் அம்மா. ஆனால் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டதோடு அவள் நின்றுவிடக் கூடாது. எந்த விதிப்படி அளக்கிறோம் என்பதையும் படிக்க வேண்டும். சம்பளம் உயர்வது அந்தப் படிப்பால்தான்.

மெஷினின் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் உள்ளே புத்தகம் அளவுக்கு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி ஒன்று இருக்கும். 230 வோல்ட் ஏசியை வாங்கி 24 வோல்ட் டிசியாகத் தரும். சென்சார், ரிலே (மின்சுவிட்ச்), மெஷினைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டரான பிஎல்சி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. '24 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்' என்று அனுபவசாலிகளே அசட்டையாக இருப்பதுண்டு. ஆபரேட்டர் கை படும் சென்சார் ஒயருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இன்சுலேஷன். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று குறைந்தாலோ, போர்டில் இரண்டு பக்கத்துக்கும் விட்ட இடைவெளி போதாமல் போனாலோ அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். நம் கடலூர் சிப்காட் பக்கம் வீசும் உப்புக்காற்றை நினைத்துப் பாருங்கள். ஈரமும் தூசியும் போர்டின் மேல் படிந்தால் கரண்ட் ஊர்ந்து போக வழி கிடைத்துவிடும். அதனால்தான் இடம் எவ்வளவு அழுக்கடையும் என்பதையும் பார்த்து இடைவெளியை முடிவு செய்யச் சொல்கிறது ஸ்டாண்டர்டு, அதாவது பாதுகாப்பு விதித்தொகுப்பு.

மெஷின்களின் மின்சாதனங்களுக்கு ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60204-1 என்ற ஸ்டாண்டர்டு இருக்கிறது. அதன்படி எர்த் இணைப்பு எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 500 வோல்ட் டிசி கொடுத்தால் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அடுத்தது ஹைபாட், அதாவது அதிக வோல்டேஜை இன்சுலேஷன் தாங்குகிறதா என்ற சோதனை: சர்க்யூட்டின் வோல்டேஜைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 வோல்ட், எது அதிகமோ அதை ஒரு நொடி அளவுக்குக் கொடுப்பார்கள். தனக்குரிய ஸ்டாண்டர்டின்படி ஏற்கெனவே சோதிக்கப்பட்ட எஸ்எம்பிஎஸ்ஸை அப்போது கழற்றி வைக்கலாம். 'ஏன் கழற்றினாய்?' என்று ஆடிட்டர் கேட்டால், சீனியர் சொன்னார் என்பவளுக்கும் விதியைச் சொல்லி, சப்ளையின் சான்றிதழையும் எடுத்துக் காட்டுபவளுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்தச் சான்றிதழை வாசிப்பதே தனி வேலை. கம்ப்யூட்டர் போன்ற கருவிகளுக்கும் அவற்றின் சப்ளைகளுக்குமான பழைய பாதுகாப்பு ஸ்டாண்டர்டு ஐஇசி 60950-1-இன் இடத்துக்கு 62368-1 வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் பழைய தாளை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு இப்போது இத்தகைய ஆட்கள் கட்டாயம் தேவை. ஐரோப்பாவில் மெஷின்களுக்கான புதிய சட்டம், 2023/1230, 2027 ஜனவரி 20 முதல் அமலுக்கு வருகிறது. பேனல், சப்ளை, டெஸ்ட் ரிப்போர்ட் என்று எல்லாவற்றையும் ஃபைலாகத் தொகுத்துத் தர ஆள் வேண்டும்.

சாஃப்ட்வேர் ஆசை அவளுக்கே இருந்தால் தடுக்காதீர்கள். டெஸ்ட் பெஞ்சை புரோகிராம் எழுதி ஓட்டும் வேலையும் இதே துறையில் இருக்கிறது. டிப்ளமோ இருப்பதால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. இந்த விதிகளைக் கற்றுத்தரும் 'கம்ப்ளையன்ஸ் கோர்ஸ்' என்று பெருந்தொகை கேட்கும் இடங்களுக்கு மட்டும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். இந்திய ஸ்டாண்டர்டுகள் பலவற்றை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஆபத்து பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சேருவதற்கு முன் மகள் அங்கே நேரில் பார்க்கட்டும்: ஹைபாட் செய்யும் இடத்துக்குத் தடுப்பும் சிவப்பு விளக்கும் இருக்கின்றனவா, காலடியில் ரப்பர் மேட் உண்டா, புதிதாக வந்தவரைத் தனியாகச் சோதிக்க விடுகிறார்களா? தனியாக விட்டால் அந்தக் கம்பெனி வேண்டாம். அப்ரண்டிஸ் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகுமா என்றும், ஷிப்ட் முடிந்ததும் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு வரை கம்பெனி வண்டி உண்டா என்றும் இன்டர்வியூ அன்றே கேட்டுவிடச் சொல்லுங்கள்.