வெயிலூரில் பிகோனியா: கிழங்கு அழுகாமல் முளைக்க, முளைத்தது பூக்க

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். போன தை மாதம் இணையத்தில் ஆறு பிகோனியா கிழங்கு வாங்கினேன். செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் மூன்று அங்குல ஆழத்தில் நட்டுத் தினமும் தண்ணீர் விட்டேன். நான்கு அழுகிவிட்டன. முளைத்த இரண்டும் ஒரு சாண்கூட வளரவில்லை, பங்குனியில் இலை கொட்டிப் போயின. இப்போது புரட்டாசி பிறந்திருக்கிறது. மறுபடி ஐந்து கிழங்கு வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது, எப்படி நடுவது? நம் ஊர் வெயிலுக்கு இது வருமா?

பதில்: வரும். ஆனால் ஊட்டியில் பார்ப்பது போல மாதக்கணக்கில் பூக்காது. பொங்கலை ஒட்டி மொட்டு வைத்து, மாசி முடியும்வரை ஆறேழு வாரம் பூத்தால் வேலூருக்கு அது நல்ல விளைச்சல். அதற்குத் தயாரென்றால் மேலே படியுங்கள். உங்கள் நான்கு கிழங்கு செத்ததற்கும் மற்ற இரண்டும் தேங்கியதற்கும் காரணம் வேறு வேறு. முதலாவது தண்ணீர், இரண்டாவது தேதி.

தூங்கும் பிகோனியாக் கிழங்குக்கு வேரே கிடையாது. முளை கிளம்பும்போதுதான் வேரும் வரும். அதுவரை ஊற்றும் தண்ணீரை அதனால் குடிக்க முடியாது, ஊறிக்கொண்டு கிடக்கத்தான் முடியும். செம்மண் நனைந்தால் இறுகிக் காற்றை அடைத்துவிடும், தொழுவுரம் பூஞ்சைக்குத் தீனி போடும், மூன்று அங்குல ஆழத்தில் ஈரம் காயவே காயாது. உருளைக்கிழங்கு நடுவது போல இதை நடக்கூடாது என்பது அதனால்தான்.

முதலில் கையில் இருப்பதைச் சோதியுங்கள். நல்ல கிழங்கு அழுத்தினால் உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்கும். தக்கை போல எடையே இல்லாவிட்டால் காய்ந்து செத்தது. விரல் அழுந்தி, புளித்த வாடை வந்தால் அழுகல். ஓரத்தில் மட்டும் அழுகியிருந்தால், உள்ளே வெளிறிய நல்ல சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவி, வெட்டுவாயில் கரித்தூள் அல்லது கந்தகத்தூள் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குறைந்த கிழங்கில் இந்த வைத்தியம் வேண்டாம், மிஞ்சும் சதை முளைக்குப் போதாது. மேல் எது கீழ் எது என்பது அடுத்த குழப்பம். ஒரு பக்கம் அகல்விளக்கு போலக் குழிந்திருக்கும், முளை அங்கிருந்துதான் வரும், அது மேலே இருக்கவேண்டும். உருண்ட பக்கம் கீழே. இரண்டுமே புலப்படாத சப்பைக் கிழங்கைச் சாய்த்துப் படுக்க வையுங்கள், முளை தானே வழி கண்டுபிடிக்கும்.

இப்போது தேதி. கிழங்கோடு வரும் வெளிநாட்டுக் குறிப்புச் சீட்டு பிப்ரவரி, மார்ச் மாதத்தில் முளைக்கப் போடச் சொல்லும். அது பனி உருகும் ஊருக்கு எழுதியது. நமக்கு அப்போது தர்பூசணி வண்டி வந்துவிடும். முளைக்கப் போட்டதிலிருந்து பூவுக்கு மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் 18–20 டிகிரிக்கு இறங்கும் அந்த நாட்களில்தான் செடி வளர்ந்து மொட்டு வைக்கவேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் புரட்டாசிக் கடைசி, அதாவது அக்டோபர் 10-ஐ ஒட்டி முளைக்கப் போடவேண்டும். கார்த்திகைக்குத் தள்ளினால் போன வருடக் கதைதான்.

முளைக்க வைக்கும் ஊடகத்தில் உரம் எதுவும் கூடாது. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (வெள்ளைப் பொரி போன்ற எடை குறைந்த கல்துகள்) ஒரு பங்கு போதும். பெர்லைட் கிடைக்காவிட்டால் சலித்துத் தூசி போகக் கழுவிய குருணை மணல். கடையில் கிடைக்கும் 650 கிராம் நார்க்கட்டி ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்கு வரும், ஐந்து கிழங்குக்குத் தாராளம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், கடைசித் தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் வந்தால் சரி. பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் சொட்டவேண்டும். தாரையாக வழிந்தால் நாளிதழ் மேல் பரப்பி ஆறவிடுங்கள்.

அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, கிழங்கை அரைமணி நேரம் அதில் போட்டு எடுத்து நிழலில் துடைத்து உலர்த்துங்கள். இது காப்பீடு மாதிரி, செய்யாவிட்டாலும் குடி முழுகாது. அடியில் ஓட்டை போட்ட மூன்று அங்குல ஆழத் தட்டில் ஊடகத்தை நிரப்பி, கிழங்கைப் பாதி புதையும்படி பதியுங்கள். குழிந்த பக்கம் வெளியே தெரியவேண்டும். குழியில் சொட்டுத் தண்ணீர் தேங்கினாலும் முளை அங்கேயே அழுகும், ஆகவே மேலிருந்து தெளிக்கவே வேண்டாம். ஊடகம் வெளிறினால் ஓரத்தில் ஸ்பூனால் விடுங்கள். தட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், அக்டோபர் பகலில் 33 டிகிரி தொடும். வீட்டுக்குள் மண்பானை வைக்கும் மூலை இருக்கிறதல்லவா, வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். கொஞ்சம் வெளிச்சமும் இருந்தால் போதும்.

இளஞ்சிவப்பு மொக்கு எழும்ப மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். ஐந்தும் ஒரே நாளில் எழாது. பொறுக்காமல் தோண்டிப் பார்த்தால் மயிரிழை வேர் அறுந்துபோகும். முளை அரை அங்குலம் வந்ததும் கிழங்கின் மேல் அதே ஊடகத்தை அரை அங்குலம் மூடுங்கள். இந்தக் கிழங்கு அடியில் மட்டுமல்ல, பக்கத்திலும் மேல் விளிம்பிலும் வேர் விடும், மூடாவிட்டால் அந்த வேர்களெல்லாம் வீண்.

முளை இரண்டரை அங்குலம் உயர்ந்து இரண்டு இலை விரிந்ததும் எட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். இங்கே மண் கலவை: நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு உயிரான செம்மண் இதற்கு ஆகாது. நிமிர்ந்து வளரும் ரகமானால் வலுவான ஒரு தண்டை, மிஞ்சிப்போனால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். குச்சியை இப்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்தும். ஒரு நுணுக்கம்: இலையின் நுனி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, பூவும் அந்தப் பக்கமே முகம் காட்டும். குச்சியை எதிர்ப்பக்கம் வைத்தால் பூவை மறைக்காது.

அடுத்தது, சமவெளியில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் விஷயம். வெயிலை மட்டும் பழி சொல்லிவிட்டு இதைக் கவனிக்கமாட்டார்கள். கிழங்கு பிகோனியா பகல் நீளத்தைக் கணக்கெடுக்கும் செடி. பகல் 14 மணி நேரம் போல நீண்டிருந்தால் தண்டும் பூவும் வளர்க்கும். பகல் 12 மணி நேரத்துக்குக் குறைந்தால், ‘காலம் முடிந்தது’ என்று வளர்ச்சியை நிறுத்தி, எல்லாவற்றையும் கிழங்கில் இறக்கிவிட்டுத் தூங்கப் போகும். இதன் மூதாதைகள் பெரு, பொலிவியா நாட்டு ஆண்டிஸ் மலைச்சரிவுக்காரர்கள். அவற்றை வைத்து ஐரோப்பாவில் 1870 முதல் உருவாக்கிய கலப்பின ரகங்கள் குளிர்ச்சியும் நீண்ட பகலும் சேர்ந்து வரும் கோடைக்குப் பழகியவை. வேலூரில் இரண்டும் சேர்ந்து வராது. குளிர்ச்சி வரும் மார்கழியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம்தான். பகல் நீளும் சித்திரை, வைகாசியில் அக்னி நட்சத்திரம். உங்கள் இரண்டு செடியும் சாண் உயரம்கூட வராமல் நின்றதற்கு வெயில் பாதிக் காரணம், குறும்பகல் மீதிக் காரணம்.

பரிகாரம் சுலபம். செடிக்கு மூன்றடி உயரத்தில் மஞ்சள் ஒளி தரும் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று தொங்கவிட்டு, மாலை ஐந்தரை முதல் ஒன்பது மணிவரை எரியவிடுங்கள். ஐந்து தொட்டிக்கும் ஒரே பல்பு போதும். இது செடிக்கு உணவு தயாரிக்கும் வெளிச்சமல்ல, பகல் இன்னும் முடியவில்லை என்று நம்பவைக்கும் வெளிச்சம். அதனால் படிக்கிற அளவு வெளிச்சமே தாராளம். முளை தெரிந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறக்கூடாது. மறதி இருந்தால் பிளக்கில் மாட்டும் டைமர் வாங்கிவிடுங்கள். 

தொட்டி வைக்கும் இடம் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த பால்கனி. காலை ஒன்பது மணிவரை வெயில் படலாம், அதற்குப் பிறகு 50 சதவீத நிழல்வலை. மொட்டை மாடி வேண்டாம். பகல் சூட்டைக் குடித்த தளம் இரவு முழுக்க அதைக் கக்கும், இந்தச் செடிக்கு இரவுக் குளிர்ச்சிதான் முக்கியம். சுண்ணாம்பு அடித்த மண்தொட்டி பிளாஸ்டிக்கைவிட மேல். மாசியில் சூடு ஏறத் தொடங்கியதும் தொட்டியைப் பெரிய தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி அதை ஈரமாக வைத்திருங்கள். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே வேரும் குளிரும். உள்தொட்டியின் அடி மட்டும் தண்ணீரில் நிற்கக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் பாலாற்றுப் படுகை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் பூச்சிமருந்தைத் தேடாமல் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீரை டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், ஏ.சி.யிலிருந்து சொட்டுவதும் ஆகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் இருக்கிறது. பிகோனியாவுக்கு அது விஷம், பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேல்மண் விரல் கணு அளவு காய்ந்த பிறகு காலையில் ஊற்றுங்கள். இலையும் பூவும் நனையவேண்டாம். வடகிழக்குப் பருவமழைச் சாரல் படும் இடமானால் தொட்டியை உள்ளே இழுத்துவிடுங்கள், ஒரே இரவு நின்று பெய்த மழையில் தண்டு அடியோடு குழைந்துபோவது சகஜம்.

தொட்டிக்கு மாற்றி நட்ட மூன்றாவது வாரத்தில் உரம் தொடங்கலாம்: தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 லிட்டருக்கு ஒரு கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை, ஈர மண்ணில். இலை கரும்பச்சையாகத் தடித்து உள்நோக்கிச் சுருண்டால் தழைச்சத்து அதிகம், இரண்டு தவணை விட்டுவிடுங்கள். ஆறு வாரத்துக்கு மொட்டெல்லாம் கிள்ளிச் செடியை வலுவாக்கச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். நமக்கு அவ்வளவு காலம் இல்லை. முதலில் வரும் ஒன்றிரண்டை மட்டும் கிள்ளுங்கள். அடுக்குப்பூ ரகத்தில் நடுவில் பெரிய ஆண்பூவும் இருபுறமும் சிறிய ஒற்றைப் பெண்பூவும் வரும். பெண்பூவின் பின்னால் மூன்று சிறகு வைத்த பிஞ்சு இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் நடுப்பூ நன்றாகப் பெரிதாகும்.

மொட்டு விரியாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: 30 டிகிரியைத் தாண்டும் சூடு, ஒருநாள் வறண்டு மறுநாள் வெள்ளம் என்ற தண்ணீர், இடம் மாற்றியது. இலையில் மாவு தூவியது போல வெண்திட்டு வந்தால் சாம்பல் நோய், மார்கழிப் பனியோடு வரும். பாதித்த இலையை எடுத்துத் தொட்டிகளை ஓரடி தள்ளி வைத்தாலே பாதி அடங்கும். மீதிக்குச் சமையல் சோடா லிட்டருக்கு ஐந்து கிராம், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள், முதலில் ஒரு இலையில் சோதித்துவிட்டு. வெயில் ஏறிய பிறகு கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

மார்ச் நடுவில் பல்பை நிறுத்திவிடுங்கள். இலை பழுக்கும், தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். தண்டைப் பிடுங்கவோ வெட்டவோ வேண்டாம், தானாகக் கணுவில் கழன்று விழும். பச்சைத் தண்டை ஒடித்தால் அந்தப் புண் வழியே அழுகல் கிழங்குக்குள் இறங்கும். பிறகு கிழங்கை எடுத்து, மண் உதிர்த்து, பத்து நாள் நிழலில் உலர்த்துங்கள். போன பங்குனியில் இலை கொட்டிய அந்த இரண்டு தொட்டியையும் கொட்டிப் பாருங்கள், மண் காய்ந்தே கிடந்திருந்தால் கிழங்கு உயிரோடு இருக்கவும் கூடும்.

அடுத்த வருடமும் கிழங்கு வாங்குவதானால், நிமிர்ந்து வளரும் பெரும்பூ ரகத்தைவிடப் பொலிவியென்சிஸ் என்ற காட்டு பிகோனியா வழிவந்த தொங்கும் ரகங்களைக் கேளுங்கள். பூ சிறியது, மணி போல இருக்கும், ஆனால் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும். ஏலகிரியில் உறவினர் வீடு இருந்தால் ஒரு தொட்டியை அங்கே விட்டுவைப்பது இன்னும் மேல், ஆயிரம் மீட்டர் உயரம் நம் பல்பும் மணல்தொட்டியும் தராத குளிர்ச்சியைத் தரும். கோடையிலும் வாடாத கிழங்குப்பூதான் வேண்டுமென்றால், பேசாமல் சம்பங்கி வையுங்கள்.

உலர்ந்த கிழங்கை வேலூர்க் கோடையில் அலமாரியில் வைத்தால் வற்றல் ஆகிவிடும். காய்ந்த நார்க்கழிவு நிரப்பிய காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுருங்கினால் நார்க்கழிவில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உறைபனிப் பெட்டி கூடாது, பிளாஸ்டிக் பையும் கூடாது. பையின் மேல் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். பார்வைக்குச் சின்னக் கருணைக்கிழங்கு போலவே இருக்கும், ஆக்சலேட் நிறைந்தது, குழம்பில் விழக்கூடாது.