ரூஸ்வெல்ட்டின் காசோலை யார் கைக்குப் போனது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு செய்த நிவாரண வேலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகள் வாசித்துக் காட்டினாள். வேலையில்லாத இளைஞர்களைக் காடு வளர்க்க அனுப்பி, மாதச் சம்பளம் 30 டொலரில் 25 டொலரை நேரே வீட்டுக்கு அனுப்பினார்கள் என்ற இடத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன்.

நான் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறேன். காணிக்காரர் லண்டனில் இருக்கிறார். உர மானியம் காணிக்குரியவரின் கணக்குக்குத்தான் போகிறது. அரசு இரசாயன உரத்தை நிறுத்திய 2021இல் விளைச்சல் பாதியாகியும் குத்தகை நெல்லை ஒரு மூடை குறையாமல் அளந்தேன். நிவாரணப் பட்டியலிலும் என் பெயர் விழவில்லை. கல்வீடு இருக்கிறதே என்கிறார்கள். அது இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. பூச்சு வேலைக்குப் பட்ட கடன் இன்னும் முடியவில்லை.

ரூஸ்வெல்ட் போல ஒருவர் எங்களுக்கு வாய்த்திருந்தால் நான் இப்படி அலைந்திருப்பேனா?

– பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது, கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அலைந்திருப்பீர்கள். ஒருவேளை வயலையும் இழந்திருப்பீர்கள். ரூஸ்வெல்ட்டின் நிவாரணத்தில் பலமாக அடிபட்டவர்கள் அடுத்தவன் காணியை உழுதவர்கள்தாம். அந்தக் கட்டுரையில் காடு வளர்த்த இளைஞர்களோடு நான் நின்றுவிட்டதால் இந்தப் பக்கம் வரவில்லை. உங்கள் கேள்விக்கு இதுதான் தேவை.

1932இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி விலை இறாத்தல் 6 சதமளவுக்கு விழுந்து கிடந்தது. விளைவைக் குறைத்தால் விலை ஏறும் என்று 1933இல் விவசாயச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். பயிரிடாமல் விடும் நிலத்துக்கு அரசு காசு கொடுக்கும். சட்டம் வருவதற்குள் விதைப்பு முடிந்துவிட்டதால், முளைத்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது புரட்டினார்கள். செடியை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் பயிரின்மேல் கால் வைக்க மறுத்து நின்றனவாம். எங்களுடைய ஆட்களும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

அரசோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் காணிக்காரர். காசோலை வந்ததும் அவர் பெயருக்கு. தெற்கில் பாதிக்கு மேற்பட்ட கமக்காரர்கள் குத்தகைக்கோ விளைச்சலில் பங்குக்கோ உழுதவர்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். பலர் கொடுக்கவில்லை, பழைய கடனில் கழித்துக்கொண்டார்கள். இன்னும் சிலர், பயிரிடாத நிலத்துக்கு உழவன் எதற்கு என்று வீட்டை விட்டே எழுப்பினார்கள். அந்தக் காசில் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு.

குத்தகையாளரை வெளியேற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு சொன்னது. ‘இயன்றவரை’ என்று ஒரு வால் அதில் இருந்தது. விவசாய நிர்வாகத்தின் சட்டப் பிரிவில் இருந்த சிலர் அதை உழுபவனுக்குச் சார்பாக விளக்கப் பார்த்தார்கள். 1935 பெப்ரவரியில் அவர்களுடைய தலைவர் ஜெரோம் ஃபிராங்க்கும் இன்னும் சிலரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தென்மாநிலச் செனட்டர்களின் வாக்கு இல்லாமல் ரூஸ்வெல்ட்டால் எந்தச் சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது, அவர்களோ காணிக்காரர்களின் ஆட்கள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயல் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே விட்டது. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பகுதி அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தது.

அதற்காக ரூஸ்வெல்ட் செய்தது வீண் என்று சொல்லமாட்டேன். அரசின் பொதுவேலைத் திட்டத்தில் 1935 முதல் 1943 வரை 85 இலட்சம் பேர் கூலி பெற்றார்கள். வங்கியில் போட்ட காசுக்குக் காப்புறுதி வந்தது. அந்த ஏற்பாடு இன்றைக்கும் இருக்கிறது.

அதே மந்தத்துக்கு எங்களிடமும் ஒரு பிள்ளை உண்டு. நீங்கள் குடியிருக்கும் ஊரைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தின் சன நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்க 1936இல் தொடங்கிய குடியேற்றம் கிளிநொச்சி. அதற்கு முந்திய வருடம் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேறியவருக்குப் பெர்மிட் கொடுத்தது. காணி வட்டிக்காரன் கைக்குப் போகக்கூடாது என்று விற்கவும் துண்டாடவும் தடை போட்டது. நோக்கம் நல்லது. ஆனால் பெர்மிட்காரருக்குப் பின் காணி ஒருவருக்குத்தான் போனது, அவரும் பெரும்பாலும் மூத்த ஆண்பிள்ளை. நாலு பிள்ளை பெற்ற வீட்டில் மற்ற மூவரும் என்ன செய்வார்கள்? அண்ணனின் வயலைக் குத்தகைக்குச் செய்தார்கள். அந்த அண்ணன் இடம்பெயர்ந்து கடல் கடந்தபின், அவர்களுடைய பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள். உங்கள் காணிக்காரர் உங்களுக்கு உறவோ என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

உழுபவனைக் காக்க இங்கேயும் சட்டம் வந்தது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகையாளனைக் காணிக்காரர் நினைத்தபடி எழுப்ப முடியாது என்றது. நாட்டின் பல பாகங்களிலும் காணிக்காரர்கள் சட்டம் இறுகுவதற்குள் உழுபவர்களை எழுப்பினார்கள், அல்லது எதையும் எழுத்தில் வைக்காமல் விட்டார்கள். அமெரிக்காவிலும் காசோலையைக் குத்தகையாளருக்கே நேரடியாக அனுப்பும் ஏற்பாடு பின்னால் வந்தபோது, காணிக்காரர் பலர் குத்தகையாளரை விலக்கிக் கூலியாள் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் வன்னியில் மூன்று ஏக்கரை நம்பிக் கொடுப்பவர் ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வைக்கப் பயப்படுவது இதனால்தான். ஒரு தரம் எழுதிக் கொடுத்தால் காணி போய்விடும் என்பது அவருடைய அச்சம். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

இப்போது உங்கள் கல்வீடு. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த ஏற்பாட்டோடு வந்ததுதான் உங்கள் பெயர் விழாத நிவாரணத் திட்டமான அஸ்வெசும. 2023 ஜூலையில் நாலு பிரிவுகளாக, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 வரை என்று தொடங்கினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். கிராம அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு விடுவதைவிடப் புள்ளி மேல் என்ற வாதம் எனக்கு விளங்குகிறது. வன்னியில் அது பிழைக்கிற இடம் வேறு. போரில் எல்லாம் போனபின் 5,50,000 ரூபாய் நன்கொடையில் எழும்பிய வீட்டையும், மூன்று தலைமுறையாகச் சேர்த்த காசில் கட்டிய வீட்டையும் அந்தக் கணக்கு ஒரே கண்ணால் பார்க்கிறது. மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய 2022 ஓகஸ்டில் நீர்ப்பம்பிக்காக ஈடு வைத்த தாலிக்கொடிக்கு அதில் இடம் ஏது?

ஆகவே ரூஸ்வெல்ட்டுக்காகக் காத்திருக்கவேண்டாம். 1934இல் ஆர்கன்சாசில், டைரன்சா என்ற சிறு ஊரில், பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அந்த மாநிலத்தில் ஒரே அறையில் அப்படி இருப்பதே அடி வாங்கப் போதுமான குற்றம். காசோலை உழுபவனுக்கு நேரே வரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

உங்களுக்கு அவ்வளவு துணிச்சல் தேவையில்லை. கமக்காரர் அமைப்பின் போகக் கூட்டத்தில் எந்த வயலை யார் செய்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் உழுபவர் பெயருக்கும் இடம் உண்டு. மானியம் அந்தந்தப் போகத்தில் உழுபவருக்குப் போகவேண்டும், அதைக் காணி உரிமைக்கு ஆதாரமாக எவரும் காட்டக்கூடாது என்று இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கேளுங்கள். இரண்டாவது பாதி இல்லாவிட்டால் காணிக்காரர் எவரும் ஒத்துவரமாட்டார். உங்களைப் போலக் குத்தகைக்குச் செய்பவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

லண்டன்காரருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தக் காலபோகத்துக்கு மட்டும், மானியத்தை உங்கள் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லி, அல்லது அதைக் குத்தகை நெல்லில் கழித்துக்கொள்ளச் சொல்லி. வாசகம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எழுதி அனுப்புகிறேன்.