சீனம் கற்கும் சின்னப் பிள்ளைகள்: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக மாண்டரின் சீனம் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோரும், புதிதாக வகுப்பெடுக்கத் தொடங்கியவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: டீச்சர், பையனுக்கு ஆறு வயது. வகுப்பில் சேர்ந்து ஒரு மாதமாகிறது, நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. பாட்டும் விளையாட்டுமாகவே போகிறது. எப்போதுதான் எழுதுவான்?

பதில்: காலி நோட்டைப் பார்த்தால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் காதில் விழாத சொல்லின் எழுத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை கோடு கோடாக வரையும், அவ்வளவுதான். சீனாவிலேயே முதல் இரண்டு வகுப்புப் பாடத்திட்டம் சுமார் 1600 எழுத்துகளைப் பார்த்து அடையாளம் காணச் சொல்கிறது. கையால் எழுத வேண்டியவை அதில் பாதி, 800தான். "உட்கார்", "எழுந்திரு", "சிவப்பைத் தொடு" என்று சீனத்தில் சொன்னதும் உங்கள் பையன் யோசிக்காமல் செய்கிறானா? செய்தால் அந்த மாதம் வீணாகவில்லை.

கேள்வி: சீனத்தின் நான்கு தொனிகளையும், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, பலகையில் கோடு போட்டு விளக்கினேன். கோடுகளை மனப்பாடம் செய்துவிட்டார்கள். வாயில் மட்டும் வரவில்லை.

பதில்: கோட்டை அழித்துவிடுங்கள். "ஆ" என்ற ஒற்றை ஒலி போதும். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் "ஆஆ" என்கிறோமே, அதைக் கொஞ்சம் உயரத்தில் பிடித்து ஆடாமல் நீட்டினால் முதல் தொனி. காதில் சரியாக விழாமல் "ஆ?" என்று கேட்பது இரண்டாவது. மனமே இல்லாமல், தொண்டைக்குள் தாழ்வாக "ஆ..." என்று இழுப்பது மூன்றாவது. காலில் இடித்துக்கொண்டதும் "ஆ!" என்று வெட்டி விழுவது நான்காவது. இந்த நான்கும் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன.

அப்புறம் "மா"வுக்குப் போங்கள். முதல் தொனியில் அம்மா, இரண்டாவதில் சணல், மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுவது. என் வகுப்பில் ஒருத்தி வீட்டுக்குப் போய் அம்மாவைக் குதிரை என்று கூப்பிட்டுவிட்டு, மறுநாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றோடு அந்த வகுப்பில் யாருக்கும் அந்த இரண்டும் குழம்பவில்லை.

மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும். "நீ ஹாவ்" என்ற வணக்கத்திலேயே இது நடக்கிறது. சின்ன வகுப்பில் இதை விதியாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் சரியாகச் சொன்னால் அவர்களும் அப்படியே சொல்வார்கள்.

கேள்வி: சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யினை ஆங்கிலம் மாதிரியே வாசிக்கிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், தமிழில் எழுதினால் தொனியும் தெரியாது, மூச்சும் தெரியாது. ஆனால் தமிழ் பேசிய நாக்கு நன்றாகவே உதவும். பின்யின் 1958-ல் சீனா ஏற்றுக்கொண்ட முறை. எழுத்துதான் ரோமன், ஒலி சீனம். அப்பாவுக்கான "பா"வை ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தால் எழுதுகிறார்கள். உடனே பிள்ளைகள் "பஸ்"ஸில் வரும் ஒலியைப் போடுவார்கள். அங்கே வர வேண்டியது "பல்"லில் வரும் ப. அதன் ஜோடி எழுத்தான p-க்கு அதே ப-வோடு மூச்சையும் சேர்த்து ஊத வேண்டும். விரலகலத் தாள் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் ஒலிக்குத் தாள் சும்மா இருக்கும், இரண்டாவதுக்குப் படபடக்கும். பத்து நிமிடத்தில் வகுப்பே ஊதிக்கொண்டிருக்கும்!

"ரென்" என்றால் மனிதர். நாக்கை ழகரத்துக்கு வளைக்கிற மாதிரி வளைத்துத் தொடங்கினால் ஒலி கிட்டே வந்துவிடும்.

கேள்வி: சீன எழுத்து எல்லாமே படம்தான் என்று சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: ஒரு வாரத்துக்குச் சொல்லலாம். ஒரு மரம் மரம், இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் அடர்காடு. மரத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தால் ஓய்வு. பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். ஆனால் பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாதி பொருளையும் மறு பாதி ஒலியையும் காட்டும். அம்மாவுக்கான எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரை அங்கே "மா" என்ற ஒலிக்காக நிற்கிறது. குதிரையோடு ஒரு வாய் சேர்ந்தால் கேள்வியின் கடைசியில் வரும் "மா", இரண்டு வாய் சேர்ந்தால் திட்டு. எல்லாவற்றையும் படம் என்று சொல்லிவிட்டு அப்புறம் இங்கே வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சீன எழுத்தில் கோடுகளைக் குறைத்த எளிய வடிவமா, பழைய வடிவமா?

பதில்: பிள்ளை யாரோடு படிக்கப் பேசப் போகிறதோ அவர்களுடையது. சீனா, சிங்கப்பூர், மலேசியா என்றால் எளியது. தைவான், ஹாங்காங் என்றால் பழையது. குதிரைக்கு எளிய வடிவில் 3 கோடு, பழையதில் 10. முதல் வருடம் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: கலாசார வகுப்பில் சிவப்பு விளக்கு செய்தாயிற்று, காகித டிராகனும் செய்தாயிற்று. அடுத்து என்ன?

பதில்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். பிள்ளைகளை அவரவர் குடும்பத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் "கெகெ", தம்பி "தீதி", அக்கா "ஜியேஜியே", தங்கை "மேய்மேய்". அப்பாவுக்கு மூத்தவர் "போபோ", இளையவர் "ஷுஷு". பெரியப்பா, சித்தப்பா மாதிரியே. அம்மாவின் அண்ணன் தம்பி "ஜியூஜியூ". ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே அங்கிள்! மூத்தவர் இளையவர், அப்பா வழி அம்மா வழி என்று பிரித்துப் பார்க்கும் வீட்டைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் நூறு காகித டிராகனைவிட இது மேல்.

பண்டிகையைச் சொன்னாலும் சொல்லின் வழியாகப் போங்கள். புத்தாண்டு விருந்தில் மீன் ஏன்? மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு, "யூ". அதனால்தான் கொஞ்சம் மீனைச் சாப்பிடாமல் மிச்சம் வைப்பதும் உண்டு. நான்காம் எண்ணை ஏன் ஒதுக்குகிறார்கள்? நான்குக்கும் சாவுக்கும் ஒரே ஒலி, தொனி மட்டும்தான் வேறு. தொனி எதற்கு என்று அதற்கப்புறம் ஒரு பிள்ளையும் கேட்காது.

கேள்வி: எனக்குச் சீனம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

பதில்: தெரியாதது நல்லதாயிற்று. இன்று படித்த சொல்லை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிப் பாருங்கள், எப்படியும் தப்பாகத்தான் வரும். உங்கள் மகள் தலையில் அடித்துக்கொண்டு, "அப்படி இல்லம்மா, இடிச்சுக்கிட்ட மாதிரி சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுவாள்.