ஆபீஸ் தரும் கவுன்சலிங்: பேசினால் எச்.ஆருக்குத் தெரியுமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. 'இ.ஏ.பி. (ஊழியர் உதவித் திட்டம்) மூலம் ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம், ரகசியம் காக்கப்படும்' என்று ஆபீஸிலிருந்து மெயில் வருகிறது. இது அப்ரைசல் நேரம். பேசினால் மேனேஜர் காதுக்குப் போய்விடுமோ?

பதில்: மூன்று மாதத் தூக்கமின்மையைத் தள்ளிப்போடாதீர்கள், பேசுங்கள். இந்தச் சேவையைப் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் வெளி நிறுவனம்தான் நடத்துகிறது. எச்.ஆருக்குப் போவது மொத்தக் கணக்கு: இந்தக் காலாண்டில் எத்தனை பேர் அழைத்தார்கள், அதில் வேலைச்சுமை எத்தனை, குடும்பப் பிரச்சினை எத்தனை. பெயர் இருக்காது. எம்ப்ளாயி எண் கேட்பது நீங்கள் அந்த நிறுவன ஊழியர்தானா என்று சரிபார்க்க. ஆனால் பதினைந்து பேர் உள்ள கிளையில் 'ஒருவர், மண முறிவு' என்று எழுதினால் பெயரே தேவையில்லை. அதனால் முதல் அழைப்பிலேயே, 'எத்தனை பேருக்குக் குறைந்தால் கிளைவாரியாகப் பிரித்துத் தர மாட்டீர்கள்?' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ரகசியம் கசிவது ஆலோசகரிடமிருந்து என்பதைவிட, நம் கையிலிருந்துதான் அதிகம். ஆபீஸ் மெயிலில் பதிவு செய்தால் அப்பாயின்ட்மென்ட் ஆபீஸ் காலண்டரில் ஏறிவிடலாம். டீமில் மற்றவர்கள் பார்க்கக்கூடும். ஆபீஸ் லேப்டாப்பும் வைஃபையும் கண்காணிப்பில் இருக்கலாம். சொந்த மெயில், சொந்த போன், சொந்த டேட்டா மூன்றும் போதும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதைச் சிகிச்சை தருபவரின் கடமையாக்குகிறது. விலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு. குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். மேனேஜரே உங்களை அனுப்பிவைத்திருந்தால் கதை வேறு. நீங்கள் வந்தீர்களா, இல்லையா என்பது அவருக்குத் திரும்பிப் போகலாம். ஒப்புதல் படிவத்தில் என்ன தகவல், யாருக்கு என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஐந்து சிட்டிங்தான் தருவார்களாம். அதற்குள் சரியாகாவிட்டால்?

பதில்: எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலைப் பளு, உறவுச் சிக்கல் போன்றவற்றுக்கு ஐந்து பெரும்பாலும் போதும். நீண்டகால மனச்சோர்வுக்குப் போதாது. பாதியில் நிற்காமலிருக்க, 'முடிந்தபின் என்னை யாரிடம் அனுப்புவீர்கள்?' என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, ஆலோசகருடையது அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவெண்ணைக் கேட்கலாம்.

உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் குரூப் இன்சூரன்ஸ் க்ளெய்ம் செல்லும் வழி இ.ஏ.பி.யின் வழி அல்ல. அந்தக் காகிதங்கள் எச்.ஆர். மேசையைத் தொடுமா, நேரே காப்பீட்டுத் தரப்புக்கு அனுப்பலாமா என்பதை முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: நான் ஒப்பந்தத் தொழிலாளி. எனக்கு இதெல்லாம் உண்டா?

பதில்: பல இடங்களில் இல்லை, ஆட்களை அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் கேட்டுப் பாருங்கள். காத்திருக்க வேண்டாம்: 14416, டெலி மானஸ். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், இ.ஏ.பி. இருப்பவர்களும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்.